பேச்சியம்மாளின் குரல் இருந்த அண்டா

ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சுடலைமுத்துவின் மூத்த மகள் பேச்சியம்மாள், ஒரு துணிப்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக, மூன்று பஸ் மாறி, கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி வாசலில் வந்து நின்றாள், வார்டன் ஹெலன் மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "பேர் என்னம்மா?" என்று கேட்டபோது அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, அதே நொடியில் நூறடி தள்ளி மெஸ் சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவுக்குள்ளிருந்து "பேச்சியம்மாள், மேடம்" என்று கணீரென்று ஒரு குரல் கேட்டது.

அண்டாவில் புளிக்கரைசலை ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரி சவேரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேடம் இங்க இல்லம்மா, ஆபீசுல போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு உப்பை எடுக்கப் போனாள்.

பேச்சியம்மாள் பிறந்ததிலிருந்தே பேச்சுக் குறைந்த பிள்ளை. பேச்சியம்மன் பெயரை வைத்தும் அம்மன் வாயைத் தரவில்லையே என்று பீடி சுற்றும் அம்மா அங்கலாய்ப்பாள். வந்துட்டேன், சாப்பிட்டேன், சரிப்பா என்ற மூன்று சொற்களுக்குள் அவளுடைய நாள் அடங்கிவிடும். மகள் பிளஸ் டூவில் எடுத்த மார்க்கை மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்ன சுடலைமுத்து, அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் ஆறு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் முன்னூறு பெண்கள் ஒரே சமயத்தில் பேசும் ஒரு கட்டடத்துக்குள் வந்து விழுந்தாள். மிச்சமிருந்த கொஞ்சக் குரலும் அவளை விட்டு இறங்கிப்போய் ஒதுங்க ஓர் இடம் தேடியது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஏன் அண்டாவுக்குப் போனது என்று அந்த விடுதியில் யாரும் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு வரிசையில் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சவேரியம்மா நாலாவது இட்லியை வைக்கப் போக, பேச்சியம்மாள் தட்டை இழுத்துக்கொண்டு "போதுங்க்கா" என்றாள், அந்தப் "போதுங்க்கா" சவேரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் அண்டாவிலிருந்து வந்தது. சவேரியம்மா பெண்ணைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், மறுபடி பெண்ணைப் பார்த்தாள்.

"உன் குரலா இது? நல்லாத்தானே இருக்கு. அதுக்கே இன்னொண்ணு சாப்பிடலாம்" என்று நாலாவது இட்லியை வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் முன்னூறு பேருக்கும் தெரிந்துவிட்டது, மூன்று நாளில் எல்லோருக்கும் பழகியும் விட்டது. பல்கலைக்கழக டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, "தொண்டை சுத்தமா இருக்கு, அண்டாவைப் பாக்கச் சொன்னா அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்று எழுதிக் கொடுத்தார். ஹெலன் மேடம் பதிவேட்டில் இருபத்து மூன்றாம் அறைக்கு நேராக "குரல் சமையலறையில்" என்று குறித்துக்கொண்டார். அந்தப் பெண் பேசும் நேரத்தில் அண்டாவைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். காய் நறுக்கும் பெண்கள் முதல் நாள் மட்டும் நெற்றியில் சிலுவையும் திருநீறும் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அண்டா "அக்கா, மணி என்ன ஆச்சு" என்று கேட்டால் மணி சொன்னார்கள். நான்காம் நாள், அது பேசிக்கொண்டிருக்கும்போது கிண்டினால் சாம்பார் அடிப்பிடிப்பதில்லை என்று கண்டுபிடித்தார்கள்.

அறைத்தோழி யமுனாதேவி காங்கேயத்துப் பெண், அவளோடு தாவரவியல் படிக்கிறவள், வாய் மூடத் தெரியாதவள், அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. பேச்சியம்மாள் வாயசைத்தால் யமுனா உடனே மெஸ்ஸுக்குப் போன் போடுவாள்.

"ஏனுங்கக்கா, இவ என்னமோ சொல்றாளுங்க, என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஜன்னலைச் சாத்தணுமாம். காத்துல பேப்பர் பறக்குதாம்" என்பாள் சவேரியம்மா, ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் போன் பேச வேண்டுமானால் பேச்சியம்மாள் சமையலறைக்கு வந்துவிடுவாள். யமுனா போனை அண்டாவின் வாய்க்குள் நீட்டிப் பிடித்துக்கொள்ள, நறுக்குகிறவர்கள் கத்தியைக் கீழே வைக்க, அடுப்பைத் தணிக்க, அந்த அமைதியில் மகள் பேசுவாள், அந்தப் பக்கத்திலிருந்து சுடலைமுத்து, "ஏட்டி, என்ன கெணத்துக்குள்ள இருந்தா பேசுத? நல்லாத்தான இருக்க?" என்று கத்துவார்.

"நல்லா இருக்கேன்ப்பா. சரிப்பா."

அவ்வளவுதான் வீட்டுக்கு.

ஆனால் குரல் தூரத்தில் இருப்பதில் ஒரு வசதி இருந்ததை அவள் இரண்டாம் வாரத்தில் கண்டுகொண்டாள். சொல்வது தன் காதிலேயே விழவில்லை என்றால் எதற்குக் கூச்சப்பட வேண்டும்? சாயங்காலம் நூலகத்தின் பின்னால் புங்க மரத்தடியில் தனியாக உட்கார்ந்து அவள் வாயசைக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு வரி, அப்புறம் மடை திறந்த மாதிரி. பதினெட்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம், யமுனாவின் குறட்டை புல்லட் வண்டி மாதிரி இருப்பதும், உப்புமாவைக் கண்டால் அழுகை வருவதும், குளியலறை வரிசையில் தன்னைத் தாண்டிப் போகிறவர்களிடம் ஒன்றும் கேட்க முடியாமல் போவதும், நுண்ணோக்கியில் முதன்முதலாக வெங்காயத் தோலைப் பார்த்து அது செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி இருந்ததில் மூச்சு நின்றுபோனதும், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று அண்டாவுக்குள் கொட்டியது. சமையலறைக்குக் கேட்கும் என்பதை அவள் மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா என்று சொல்ல முடியாது. சமையலறையும் கேட்காத மாதிரியே இருந்தது. பேச்சு தழுதழுத்து அழுகையாக மாறும்போது சவேரியம்மா சத்தம் போடாமல், "பிள்ளை அழுவுது, மூடி போடுங்கடி" என்பாள், யாராவது போய்ப் பெரிய தட்டை எடுத்து அண்டாவை மூடுவார்கள், அழுது முடிகிற வரைக்கும் யாரும் திறக்க மாட்டார்கள்.

மறுவாரம் உப்புமா நின்றுபோனது. குளியலறையில் வரிசைக்கு எண் போட்ட அட்டைகள் தொங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் புங்க மரத்தடியில் ஏக்கத்தோடு சொன்ன சொதி, அவள் ஊர்ப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு, இங்கே யாரும் கண்டிராத சொதி, தட்டில் வந்து விழுந்தது. தேங்காய்ப்பால் திரிந்து, காய் குழைந்து, இஞ்சி தூக்கலாக. முன்னூறு பேரும் இது என்ன குழம்பு என்று விழித்தார்கள். பேச்சியம்மாள் ஒரு வாய் வைத்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள், உதட்டை அசைத்தாள்.

"சொதி மாதிரியே இல்லக்கா. ஆனா எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி வேணும்" என்றது அண்டா.

சமையலறை மொத்தமும் சிரித்த சிரிப்பில் பருப்பு பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

இப்படி எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஊரில் ஏற்றுக்கொள்ளாத ஒருவர் இருந்தார். தாவரவியல் துறையின் பேராசிரியர் ஞானசிகாமணி முப்பது வருஷமாகக் காலை ஒன்பது நாற்பதுக்கு வருகைப் பதிவு எடுக்கிறவர். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்ற குரல் காதில் விழ வேண்டும், விழாவிட்டால் ஆள் இல்லை. கை தூக்குவது அவருக்குப் பிடிக்காது, செல்போனை வகுப்புக்கு வெளியே பெட்டியில் போட்டுவிட வேண்டும். யமுனா எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் குரல் எங்க குடியிருக்குங்கறது எனக்கு வேண்டாத விஷயம். என் வகுப்புக்கு வந்தா நான் மார்க் பண்றேன்" என்றார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு நேராக நாள்தோறும் சிவப்பு மையில் ஒரு சுழி விழுந்தது. பதினேழு சுழி விழுந்ததும் அலுவலகம் தன் வேலையைச் செய்தது. தங்கள் மகள் வகுப்புக்கு வருவதில்லை, இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது என்று பாவூர்சத்திரத்துக்கு ஒரு கடிதம் போனது.

கடிதத்தை மார்க்கெட்டில் ஒருவர் வாசித்துச் சொல்ல, சுடலைமுத்து தோளில் இருந்த மூட்டையை இறக்கிவைத்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினார். வழியெல்லாம் அவருக்கு ஒரே எண்ணம். வாயில்லாப் பிள்ளையை அனுப்பியிருக்கக் கூடாது.

அவர் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை, பேச்சியம்மாள் வகுப்புக்குப் போயிருந்தாள். ஹெலன் மேடம் அவரை மெஸ்ஸில் உட்காரவைத்தார், சவேரியம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி டீ குடித்திருப்பார், அடுப்பின் மேலிருந்து "உள்ளேன் ஐயா!" என்று அவர் மகளின் குரல் கேட்டது.

சுடலைமுத்து துள்ளி எழுந்தார். "எம் மவ! எங்க இருக்கா?"

"வகுப்புல இருக்கா. குரல் மட்டும் இங்க இருக்கு. உக்காருங்க அண்ணே, டீ ஆறுது" என்றாள் சவேரியம்மா. அண்டா "உள்ளேன் ஐயா" சொன்னால்தான் அந்தச் சமையலறையில் பருப்புப் போடுவது வழக்கமாகியிருந்ததால், சொல்லிக்கொண்டே பருப்பைக் கொட்டினாள்.

அவர் உட்காரவில்லை. அண்டாவின் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் குரல் மறுபடியும் வந்தது. பேராசிரியர் வகுப்பில் கேள்வி கேட்கக் கேட்க, யாருக்கும் கேட்காத பதிலை முதல் பெஞ்சிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி வகுப்பிலேயே நின்றுவிட, பதில் மட்டும் இங்கே வந்து விழுந்தது. "பச்சையம், ஐயா." "இலைத்துளை, ஐயா." "இல்லைங்கய்யா, தண்ணி மேல ஏறுறது இலை இழுக்கறதாலயும்தான், வேர் தள்ளுறதால மட்டும் இல்ல." ஒரு மணி நேரம் அந்த மனிதர் ஆவி முகத்தில் அடிக்க, டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி, தன் மகள் பேசுவதைக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை, ஒரு வார்த்தையும் விடவில்லை.

வகுப்பு விட்டு அவள் யமுனாவோடு மெஸ்ஸுக்குள் நுழைந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒன்னய வகுப்புல காங்கலன்னு காயிதம் வந்துருக்குட்டி" என்றார் சுடலைமுத்து. "ஒந் தொண்டைய இங்க வேக வச்சுக்கிட்டு இருக்காவ. போதும்மா. வா, வீட்டுக்குப் போவோம். நான் ஒன்னய இங்க விட்டது தப்பு."

அவள் தலையைக் குனிந்தாள். சரிப்பா என்று வரப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள், அப்பாவும் நினைத்தார். அவள் உதடு ஒருமுறை அசைந்து நின்றது, அண்டாவில் வெறும் கொப்புளம் ஒன்று வெடித்தது. அப்புறம் அவள் நிமிர்ந்தாள்.

"நான் வரலப்பா" என்றது குரல். "எனக்கு இங்கதான் இருக்கணும். எனக்கு இந்தப் படிப்பு பிடிச்சிருக்கு. யமுனாவப் பிடிச்சிருக்கு. வகுப்புல எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியுதுப்பா, கேக்கத்தான் ஆள் இல்ல."

சுடலைமுத்து மகளின் முகத்தையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை மடக்கி எதையோ எண்ணுகிற மாதிரி வாய் முணுமுணுத்தது. ஆறு வார்த்தையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. பிறகு முகம் மெதுவாக விரிந்தது.

"எம் மவ எங்கிட்ட மாட்டேன்னுட்டா" என்று சவேரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். "கேட்டியளா நீங்க? மொத மொதல்ல மாட்டேன்னுட்டா!" கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அந்த வாத்தியாருக்கு மறுபடி எப்ப வகுப்பு?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்குங்க" என்றாள் யமுனா.

"அவருக்குக் கொரல்தான வேணும்? கொண்டுபோயிருவோம்."

அன்றைக்கு ஒன்றரை மணிக்கே பந்தி முடிந்தது. அண்டாவைக் கழுவித் துடைத்தார்கள். ஆறு பேர் சேர்ந்து நகர்த்துகிற பாத்திரம் அது. சுடலைமுத்து துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, முழங்காலை மடக்கி, "ஏத்துங்க" என்றார். ஏற்றினார்கள். வாய் வானத்தைப் பார்க்க அண்டா அவர் தலையில் உட்கார்ந்தது, அவர் எழுந்தார், நடந்தார். பேச்சியம்மாள் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்ல, அவள் சொன்னது அவர் தலைக்கு மேலேயிருந்து கேட்டது. "அப்பா, பள்ளம். அப்பா, இடப்பக்கம் வாங்க. அப்பா, கிளை தாழ இருக்கு, குனியாதீங்க, சுத்திப் போவோம்." தலைக்கு மேலே மகள் வழி சொல்ல, மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை சுமந்த அந்த மனிதர் இவ்வளவு லேசான சுமையைச் சுமந்ததில்லை என்கிற மாதிரி நடந்தார். பின்னால் சவேரியம்மா, அவள் பின்னால் காய் நறுக்குகிறவர்கள், அவர்கள் பின்னால் தட்டுகளைத் தட்டிக்கொண்டு விடுதிப் பெண்கள். நூலகத்திலிருந்தும் வேதியியல் துறையிலிருந்தும் எட்டிப் பார்த்தவர்களும் காரணம் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். தாவரவியல் துறைக்கு வந்து சேர்ந்தபோது ஊர்வலத்தின் வால் இன்னும் விடுதி வாசலில் இருந்தது.

ஞானசிகாமணி கரும்பலகையிலிருந்து திரும்பினார். அண்டா மேஜைக்குப் பக்கத்தில் இறங்கியது. பேச்சியம்மாள் முதல் பெஞ்சில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், பதிவேட்டைத் திறந்தார், நிதானமாகப் படித்தார்.

"பேச்சியம்மாள், சு."

"உள்ளேன் ஐயா!"

குரல் வெறும் அண்டாவில் பட்டு எழுந்து, கூரையில் இருந்த புறாக்களைக் கிளப்பி, வராண்டாவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பேராசிரியர் ஒரு டிக் போட்டார்.

"நான் குரலைத்தான் கேட்டேன், வாயைக் கேட்கலை. குரல் வந்துடுச்சு. சரி." பேனாவைத் தட்டினார். "ஆனா இன்னிக்குக் காலையோட சேர்த்து இருபது நாள் வரலையே."

"வந்துச்சுங்கய்யா" என்று சவேரியம்மா முன்னால் வந்தாள். "தினமும் ஒம்பது நாப்பதுக்கு வந்துச்சு. நாங்க ஒம்பது பேரு சாட்சி."

"உள்ளேன்னு சொன்னதுக்கா?"

"அதுக்கு மட்டுமா? நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுச்சு. முந்தாநேத்து 'வேர்த்தூவி'. அதுக்கு மொத நாளு 'சவ்வூடு பரவல்', அதை ரெண்டு தடவை சொல்லுச்சு."

ஞானசிகாமணி தன் குறிப்பேட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார். "போன வெள்ளிக்கிழமை?"

"அன்னிக்கு முருங்கைக்கா சாம்பார்... 'நரம்பமைப்பு', ஐயா."

"அதுக்கு முந்தின வாரம், புதன்?"

காய் நறுக்கும் பெண்கள் ஒன்றாகச் சொன்னார்கள். "மகரந்தச் சேர்க்கை!"

அவர் குறிப்பேட்டை மூடினார். சிவப்புச் சுழிகள் ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் டிக் போட்டார், இருபதையும், அவசரப்படாமல். கடைசி டிக்கைப் போட்டு முடித்துவிட்டு, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, "உங்களில் யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார்.

கடைசி பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுடலைமுத்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், கையைத் தூக்கினார்.

"எழுந்து நின்னு கேளுங்க."

அவர் எழுந்து நின்றார். "ஐயா, வெங்காய மூட்டையில அடியில கெடக்குற வெங்காயம், வெளிச்சமே படாம, மண்ணுகூட இல்லாம, அதுபாட்டுக்கு மொளைச்சுருது. எத்தனயோ வருசமா பாக்கேன். எதத் தின்னு அது மொளைக்கு?"

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. பேச்சியம்மாள், பதில் சொல்."

அவள் எழுந்தாள். அண்டாவிலிருந்து குரல் எழுந்தது. வெங்காயத்தின் ஒவ்வொரு உரியும் ஓர் இலைதான், தடித்துப்போன இலை, செடி உயிரோடு இருந்தபோது சேர்த்த சாப்பாட்டை அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, இருட்டிலும் அது பட்டினி கிடக்காது, உள்ளே இருப்பதை உருக்கி உருக்கி முளையை வெளியே தள்ளும், முளை முதலில் வெளுத்துப்போய்த்தான் இருக்கும், வெளிச்சம் பட்ட பிறகு பச்சையாகும், அப்புறம் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கையை அசைத்தாள், கரும்பலகைக்குப் போய் ஒரு வெங்காயத்தைக் குறுக்காக வெட்டின மாதிரி வரைந்தாள், தப்பாக வரைந்து அழித்து மறுபடி வரைந்தாள், சிரித்தாள்.

அந்தப் பதிலின் எந்த இடத்தில் குரல் அண்டாவை விட்டு அவள் வாய்க்கு வந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குள் இன்றுவரை வழக்கு தீரவில்லை. "பட்டினி கிடக்காது" என்ற இடத்தில் என்று சவேரியம்மா அடித்துச் சொல்வாள். வரைந்ததை அழித்தபோது என்று யமுனா சண்டைக்கு வருவாள். தான் பதிலைத்தான் கவனித்தேன், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை என்று ஞானசிகாமணி சொல்லிவிட்டார். பேச்சியம்மாளுக்கே தெரியாது. பேசி முடித்து, தன் குரல் தன் காதிலேயே விழுவதைக் கேட்டு, அவள் ஒரு கணம் திகைத்து நின்றபோது, வராண்டாவில் கூடியிருந்தவர்கள் தட்டுகளைத் தட்டத் தொடங்கினார்கள்.

சுடலைமுத்து தட்டவில்லை. அவர் மறுபடியும் கையைத் தூக்கியிருந்தார்.